புது டிசியில் காலிக் கட்டத்தை யார் நிரப்புவது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு தம்பியின் கேள்வி இது. டிசி என்றால் சரக்கோடு போகும் டெலிவரி சலான்; டிஃபால்ட் என்றால் யாரும் கொடுக்காதபோது தானாக நிரம்பும் மதிப்பு: “முன்பு ஜாங்கோவில் எழுதினேன். மாடலில் டிஃபால்ட் கொடுத்தால், புது டிசி ஆப்ஜெக்டை உருவாக்கியதுமே ‘நிலை’ கட்டத்தில் ‘திறந்தது’ என்று வந்து நிற்கும். இப்போது ஃபாஸ்ட்ஏபிஐ, எஸ்க்யூஎல்ஆல்கெமி என்று மாறியிருக்கிறோம். அதே மாதிரி டிஃபால்ட் கொடுத்தும், சேவ் ஆகும் வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. இது பக் (பிழை) தானா? இனிட் மெத்தடில் நானே எழுதிக்கொள்ளட்டுமா, இல்லை டேட்டாபேஸிலேயே டிஃபால்ட் வைத்துவிடட்டுமா?”

பக் இல்லை தம்பி. இரண்டு நூலகங்களும் ஒரே வார்த்தையை வெவ்வேறு நேரத்துக்கு வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் போனதால் நானே சில மாதங்கள் தப்புக் கணக்கு கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு டிசி எப்படிப் போட்டார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிட்டிங்கிலிருந்து துணி டையிங்குக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், பவர்டேபிள் என்று ஊரைச் சுற்றும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டிசி. அந்தப் புத்தகத்தில் கம்பெனி பெயரும் விலாசமும் பிரஸ்ஸிலேயே அச்சாகி வரும். கிளார்க் புதுப் பக்கத்தைத் திருப்பியதும் தேதியையும் பார்ட்டி பெயரையும் எழுதுவார். கையெழுத்துப் போடும் முன் மேனேஜர் ரோல் எண்ணிக்கை, மொத்தக் கிலோ இரண்டையும் சரிபார்த்து, விட்டுப்போனதை நிரப்புவார். கடைசியில் வண்டி வெளியே போகும்போது கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். ஒரே தாள்தான். நிரப்பும் கைகள் நான்கு, நேரங்களும் நான்கு.

ஓஆர்எம்மிலும் (கிளாஸையும் டேட்டாபேஸ் டேபிளையும் இணைக்கும் நூலகம்) அதே நான்கு நேரங்கள்தான். கிளாஸ் எழுதப்பட்டு லோடு ஆகும் நேரம் பிரஸ். ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் (பைத்தானில் இனிட்) ஓடும் நேரம் பக்கம் திருப்புவது. புதுப் பதிவை டேட்டாபேஸில் எழுதும் இன்சர்ட் வாக்கியம் கிளம்புவதற்குச் சற்று முன் கையெழுத்து நேரம். டேட்டாபேஸ்தான் கேட். ஜாங்கோவின் டிஃபால்ட், பக்கம் திருப்பும்போதே நிரம்பிவிடும். எஸ்க்யூஎல்ஆல்கெமியின் டிஃபால்ட் கையெழுத்து நேரத்தில், அதாவது ஃப்ளஷ் ஆகும்போதுதான் நிரம்பும். அதற்கு முன் எட்டிப் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமி ஏன் அப்படிச் செய்கிறது என்றால், அதன் அடித்தளத்தில் ஆப்ஜெக்டே கிடையாது. டேபிள், கட்டம், இன்சர்ட் வாக்கியம் இவைதான் அதன் அடிப்படை, ஓஆர்எம் அதன் மேல் கட்டிய மாடி. டிஃபால்ட் அந்த அடித்தளத்தைச் சேர்ந்தது. ஆப்ஜெக்ட் இல்லாமல் நேரடியாக இன்சர்ட் எழுதினாலும் அதே டிஃபால்ட் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். பல்காகச் சரக்கு இறக்குகிறவர்களுக்கு இது வசதி. புது ஆப்ஜெக்டை ஸ்கிரீனில் காட்டி, “இந்த டிசி திறந்திருக்கிறதா?” என்று சேவ் செய்வதற்கு முன்பே கேட்கிறவர்களுக்குத்தான் தலைவலி.

நீங்கள் கேட்ட இனிட் வழி எஸ்க்யூஎல்ஆல்கெமியில் தாராளமாகச் செய்யலாம். இனிட்டில் வரும் பெயர்-மதிப்பு டிக்‌ஷனரியில் செட்டிஃபால்ட் போட்டு ‘நிலை’ வரவில்லை என்றால் ‘திறந்தது’ என்று வைத்துவிட்டு, சூப்பரைக் கூப்பிடுங்கள். இரண்டு வரி வேலை. டேட்டாபேஸிலிருந்து பழைய பதிவை எடுக்கும்போது எஸ்க்யூஎல்ஆல்கெமி இனிட்டைக் கூப்பிடாது, அதனால் இது பாதுகாப்பானது. எடுக்கும்போதும் ஏதாவது ஓட வேண்டும் என்றால் அதற்கென்று ரீகன்ஸ்ட்ரக்டர் தனியாக இருக்கிறது. 2.0 பதிப்பில் டேட்டாகிளாஸ் முறையில் மாடல் எழுதினால் இன்னும் சுலபம்: அங்கே டிஃபால்ட் என்றால் பக்கம் திருப்பும் நேரம், இன்சர்ட் டிஃபால்ட் என்றால் கையெழுத்து நேரம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த பிறகு இந்தக் குழப்பமே வருவதில்லை. முதலிலேயே வைத்திருக்கலாம்.

ஆனால் இந்தப் பழக்கத்தை அப்படியே ஜாங்கோவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே டேட்டாபேஸிலிருந்து பதிவை எடுக்கும்போதும் அதே இனிட்தான் ஓடும். நான் மாட்டியது இங்கேதான்.

ஒரு பனியன் கம்பெனிக்கு டையிங் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். துணி டையிங்குக்குப் போய்த் திரும்பும்போது எடை குறையும், அதைப் பிராசஸ் லாஸ் என்பார்கள். துணி திரும்பி வந்து எடை போட்ட பிறகுதான் லாஸ் எத்தனை சதவீதம் என்று தெரியும். அதுவரை அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஆனால் ஸ்கிரீனில் காலியாக இருந்தால் கூட்டல் கழித்தல் எரர் அடிக்கிறது என்று, நான் ஜாங்கோ மாடலின் இனிட்டில் “லாஸ் காலியாக இருந்தால் 5 என்று வை” என்று எழுதிவிட்டேன். புது டிசிக்கு மட்டும்தானே ஓடும் என்ற நினைப்பு. அது எல்லா டிசிக்கும் ஓடியது. திரும்பி வராத பழைய டிசியைத் திறந்து யாராவது ரிமார்க்ஸில் ஒரு எழுத்தைத் திருத்திச் சேவ் கொடுத்தால், கூடவே அந்த 5 டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துவிடும். எரர் இல்லை, லாகில் ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தது நான் இல்லை, முதலாளி. லாஸ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க, ஊர்ல இருக்கிற எல்லா டையிங்காரனும் பேசி வெச்ச மாதிரி அஞ்சு பர்சென்ட்தான் லாஸ் பண்றானுங்களா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எந்த 5 எடை போட்டு வந்தது, எந்த 5 நான் வைத்தது என்று பிரிக்கப் பழைய டிசி புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தோம். கட்டம் காலியாகவே கிடந்திருந்தால் டேட்டாபேஸில் ஒரு க்வெரி எழுதினால் போதும். நான் நிரப்பி வைத்த பொய்யைப் பிரிக்கத் தாள் வேண்டியிருந்தது.

ஜாங்கோவின் ஆவணங்களும் இனிட்டை மாற்றி எழுத வேண்டாம், கிளாஸ் மெத்தட் ஒன்றோ மாடலின் ‘மேனேஜர்’ என்ற கிளாஸில் ஒரு மெத்தடோ வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கின்றன. இதே பொறி ரூபி மொழியின் ரெயில்ஸிலும் உண்டு. அங்கே ஆஃப்டர் இனிஷியலைஸ் என்ற கால்பேக் புதுப் பதிவுக்கும் ஓடும், எடுத்து வந்த பழைய பதிவுக்கும் ஓடும். “புதுப் பதிவாக இருந்தால் மட்டும்” என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் எழுதினால் என் கதைதான்.

அடுத்தது பிரஸ்ஸில் நடக்கிற தப்பு. ஜாங்கோவில் தேதி நேரக் கட்டத்துக்கு டைம்ஸோன் மாட்யூலின் நவ் ஃபங்ஷனைக் கொடுக்கிறோம். பெயரை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு புதுப் பக்கத்துக்கும் ஜாங்கோ அதைக் கூப்பிட்டு அப்போதைய நேரத்தை எழுதும். பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டுவிட்டால், கிளாஸ் லோடு ஆகும்போது ஒரே ஒரு தடவை ஓடி, அந்த நேரமே எல்லாப் பக்கத்திலும் நிற்கும். டிசி புத்தகத்தில் தேதியைப் பிரஸ்ஸிலேயே அச்சடித்து வாங்கிய கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதுகிறவர் மெஷினில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. நாம் நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்போம், தேதி சரியாகவே வரும். கஸ்டமர் இடத்தில் சர்வர் இருபது நாள் நிற்காமல் ஓடும்போதுதான் எல்லா டிசிக்கும் இருபது நாள் பழைய தேதி விழும். அவர்கள் போன் செய்வார்கள், நாம் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வோம், சரியாகிவிடும். பழைய குருடி கதவைத் திறடி என்று அடுத்த மாதம் மறுபடியும் போன் வரும்.

இதற்குச் சொந்தக்காரன் காலி லிஸ்ட்டும் காலி டிக்‌ஷனரியும். ரோல் விவரங்களை ஜேசன் கட்டத்தில் வைத்து, டிஃபால்ட்டாக ஒரு காலி லிஸ்ட்டையே நேரடியாகக் கொடுத்தால், எல்லாப் புது ஆப்ஜெக்டும் அந்த ஒரே லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு டிசியில் ரோல் சேர்த்தால் அடுத்த டிசியிலும் தெரியும். கார்பன் தாளை எடுக்க மறந்துவிட்டு அடுத்த பக்கத்தில் எழுதின மாதிரி. லிஸ்ட் என்ற வகையின் பெயரைக் கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று உருவாகும். ஜாங்கோவே இதைப் பார்த்து எச்சரிக்கும், எச்சரிக்கையைப் படித்தால். சிலர் லாம்ப்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) எழுதுவார்கள். டேபிள் மாற்றங்களைக் குறிக்கும் மைகிரேஷன் ஃபைலில் அதை எழுதி வைக்க ஜாங்கோவால் முடியாது. பெயர் வைத்த சின்ன ஃபங்ஷனாக மாடல் ஃபைலின் மேல்மட்டத்தில் எழுதிவிடுங்கள்.

இனி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். “கொடுக்கவில்லை” என்பதும் “காலி என்று கொடுத்தேன்” என்பதும் ஒன்றா?

டேட்டாபேஸைக் கேட்டால் ஒன்றில்லை என்று சொல்லும். இன்சர்ட்டில் அந்தக் கட்டத்தின் பெயரே வராவிட்டால்தான் டேட்டாபேஸின் டிஃபால்ட் நிரம்பும். பெயரைச் சொல்லி நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) என்று கொடுத்தால் நல்தான் போய் உட்காரும். கேட்காமல் விட்டால் வாட்ச்மேனே எழுதுவார், கோடு போட்டுக் கொண்டுபோய் நீட்டினால் அந்தக் கோட்டைத்தான் பதிந்துகொள்வார். ஜாங்கோவும் இதே கட்சி. ‘நிலை’ கொடுக்காவிட்டால் டிஃபால்ட், காலி என்று கொடுத்தால் காலி. எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ஓஆர்எம் வேறு கட்சி. நீங்கள் காலி என்று வைத்தாலும், வைக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும், இன்சர்ட்டிலிருந்து அந்தக் கட்டத்தை விட்டுவிடும், டிஃபால்ட் வந்து நிரம்பிவிடும். நிஜமாகவே நல் போக வேண்டும் என்றால் அதன் நல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு வைக்க வேண்டும். நீங்கள் ஜாங்கோவிலிருந்து மாறியவர் என்பதால் இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். லாஸ் கட்டத்துக்கு ஏதாவது டிஃபால்ட் வைத்துவிட்டு, “இதற்கு மட்டும் காலி” என்று எழுதினால் அது நடக்காது.

ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்நேட்டில் கதை தலைகீழ். அது இன்சர்ட்டில் எல்லாக் கட்டத்தின் பெயரையும் எழுதும், நிரம்பாததற்கு நல் போடும். அதனால் டேபிளில் அழகாக டிஃபால்ட் வைத்திருந்தும் அது ஓடவே ஓடாது. டைனமிக் இன்சர்ட் என்ற குறிப்பைக் கிளாஸின் மேல் போட்டால்தான் காலிக் கட்டங்களை விட்டுவிட்டு எழுதும். ஜாவா ஆட்கள் பெரும்பாலும் ஃபீல்டிலேயே ஆரம்ப மதிப்பை வைத்துவிடுகிறார்கள், அது போதும். ஜாவாவுக்குக் கோடை எழுதித் தரும் லாம்பாக் நூலகத்தின் பில்டரைப் பயன்படுத்தினால் அந்த ஆரம்ப மதிப்பைப் பில்டர் கண்டுகொள்ளாது, அதற்கு பில்டர் டிஃபால்ட் என்று தனிக் குறிப்பு வேண்டும். டாட்நெட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் இன்னொரு விதம்: ஆம்-இல்லை கட்டத்துக்கு டேட்டாபேஸில் ‘ஆம்’ என்று டிஃபால்ட் வைத்துவிட்டு, கோடில் ‘இல்லை’ என்று வைத்தால், அந்த மொழியில் அந்த வகையின் வெறும் மதிப்பே ‘இல்லை’ என்பதால், நீங்கள் ஒன்றும் வைக்கவில்லை என்று நினைத்து டேட்டாபேஸ் ‘ஆம்’ எழுதிவிடும். 8ஆம் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். பழைய பதிப்பில் ஓடும் ஆபீஸ்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன என்பதால் சொல்லி வைக்கிறேன்.

உங்களிடம் ஃபாஸ்ட்ஏபிஐ இருப்பதால் ஐந்தாவதாக ஒரு கையும் உண்டு: உள்ளே வரும் தகவலைச் சரிபார்க்கும் பைடான்டிக் ஸ்கீமா. அங்கேயும் டிஃபால்ட் எழுதலாம், எழுதுவார்கள். மொபைல் ஆப்பிலிருந்து வரும் ஜேசனில் ‘நிலை’ இல்லாமல் இருப்பது ஒன்று, நல் என்று வருவது இன்னொன்று. டிசியைத் திருத்தும் ஏபிஐயில், வராத கட்டத்துக்கெல்லாம் ஸ்கீமாவின் டிஃபால்ட்டை எழுதிவிட்டால் மூடிய டிசி மறுபடி திறந்துகொள்ளும். மாடல் டம்ப் எடுக்கும்போது எக்ஸ்க்ளூட் அன்செட் போட்டு எடுங்கள், அனுப்பியது மட்டும் வரும்.

சரி, தேதிக்கு வருகிறேன். “இன்றைய தேதி” போல எளிதாகத் தெரிந்து ஏமாற்றுகிற டிஃபால்ட் வேறில்லை. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நள்ளிரவு 12 மணியிலிருந்து விடிகாலை 5.30 வரை அந்த சர்வருக்கு இன்னும் நேற்றுத்தான். ஜாங்கோவில் டைம்ஸோன் வசதியை ஆன் செய்து போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தால், டேட்டாபேஸ் கனெக்‌ஷனையும் அது யுடிசியில்தான் திறக்கும். அதனால் டேட்டாபேஸ் பக்கத்தில் இன்றைய தேதி என்று டிஃபால்ட் வைத்தால் நேற்றைய தேதி வரும். பகலில் மட்டும் வேலை செய்யும் கடைக்கு இது தெரியவே தெரியாது.

அவிநாசி பக்கம் ஒரு நூல் மில்லுக்கு உற்பத்திப் பதிவு எழுதிக் கொடுத்தபோது தெரிந்தது. அங்கே மூன்றாவது ஷிஃப்ட் இரவு 12 மணிக்குத் தொடங்கிக் காலை 8க்கு முடியும். ஒரே ஷிஃப்ட்டின் பதிவுகள் பாதி ஒரு தேதியிலும் பாதி மறு தேதியிலும் விழுந்தன. ஆஹா, டைம்ஸோன் என்று பிடித்துவிட்டேன். ஜோன்இன்ஃபோவில் ஏசியா, கொல்கத்தா என்று கொடுத்து உள்ளூர்த் தேதியை எடுத்து, ஷிஃப்ட் முழுதும் ஒரே தேதியில் வரும்படி செய்தேன். அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டார்: “முன்னாடி பாதியாவது சரியா இருந்துச்சுங்க, இப்ப மொத்தமும் தப்பு.” மில் கணக்கில் மூன்றாவது ஷிஃப்ட் முந்தைய நாள் உற்பத்தியோடு சேர்ந்தது. காலை 8 மணிக்குத்தான் அவர்களுக்கு நாள் மாறும். யுடிசி தற்செயலாகப் பாதியைச் சரியாகக் கொடுத்திருக்கிறது!

ஆக, அங்கே தேதி என்பது கடிகாரம் சொல்வதில்லை, ஷிஃப்ட் சொல்வது. அது டிஃபால்ட்டே இல்லை, கணக்கு. இந்த வகையை அடையாளம் கண்டுகொள்வதுதான் பெரிய வேலை. வரி விகிதமும் இதே ஜாதி. ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் விலை ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லை 2,500 ரூபாய் ஆனது, அதற்கு மேல் 18. மாடலில் விகிதத்தை டிஃபால்ட்டாக எழுதி வைத்தவர்கள் அன்று புரோகிராமை மாற்றி, டெப்ளாய் செய்து, நடுராத்திரி 12 மணிக்காகக் காத்திருந்தார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று ஒரு டேபிள் வைத்திருந்தவர்கள் முந்தைய நாளே ஒரு பதிவைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். பில் தேதியை வைத்து விகிதத்தை எடுத்து, பில்லிலேயே பதிந்துவிட வேண்டும். பழைய பில்லைத் திறக்கும்போது புது விகிதத்தைத் தேடக் கூடாது.

ஒரு கட்டம் இன்னொன்றைப் பார்த்து நிரம்புவதற்கு உங்கள் டிசியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம், 143ஆம் பிரிவு. மெஷின் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்று வருஷம். ஆக ‘கெடு தேதி’ என்ற கட்டம் டிசி தேதியையும் சரக்கின் வகையையும் பார்த்துத்தான் நிரம்ப முடியும். ஜாங்கோவின் டிஃபால்ட் ஃபங்ஷனுக்கு எந்த ஆர்க்யுமென்ட்டும் வராது, பக்கத்துக் கட்டத்தை அதனால் பார்க்க முடியாது. போஸ்ட்கிரெஸின் டிஃபால்ட்டும் மற்ற கட்டங்களைத் தொடாது. எஸ்க்யூஎல்ஆல்கெமியில் முடியும்: டிஃபால்ட் ஃபங்ஷன் கான்டெக்ஸ்ட் என்ற ஒன்றை வாங்கிக்கொண்டால், கெட் கரண்ட் பாராமீட்டர்ஸ் மூலம் அந்த இன்சர்ட்டில் போகும் மற்ற மதிப்புகளைப் பார்க்கலாம். முடியும் என்பதால் செய்ய வேண்டுமா? நான் செய்ய மாட்டேன். இன்சர்ட்டின்போது மட்டும்தான் அது ஓடும். டிசி தேதியைப் பிறகு திருத்தினால் கெடு பழையதாகவே நிற்கும். அதோடு, படிக்கிறவர் கெடு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் என் வழக்கம் ஒன்றுதான். ‘புது டிசி’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதிவிடுவேன். பார்ட்டி, சரக்கு வகை, யார் போடுகிறார் என்பதை வாங்கிக்கொண்டு, தேதி, கெடு, நிலை எல்லாவற்றையும் வைத்து ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுக்கும். ஸ்கிரீனும் ஏபிஐயும் எக்ஸெல் இம்போர்ட்டும் அதைத்தான் கூப்பிட வேண்டும். ஃபிரேம்வொர்க் மாறினாலும் இந்த ஃபங்ஷன் மாறாது. ஜாங்கோவிலேயே அப்படி எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது. இப்போதாவது எழுதிவிடுங்கள். சேவ் மெத்தடை மாற்றி எழுதி அதில் நிரப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். ஜாங்கோவின் பல்க் கிரியேட் அந்தச் சேவ் மெத்தடைக் கூப்பிடாது, சிக்னல்களையும் அனுப்பாது. இம்போர்ட்டில் வந்த ஆயிரம் டிசிக்கும் கெடு காலியாக நிற்கும்.

டிசி நம்பரை மட்டும் எந்த டிஃபால்ட்டிலும் வைக்காதீர்கள். கடைசி நம்பரைப் பார்த்து ஒன்று கூட்டுகிற ஃபங்ஷனை டிஃபால்ட்டாகக் கொடுத்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பும்போது இருவருக்கும் ஒரே நம்பர். பக்கத்தைத் திருப்பிவிட்டு வேண்டாம் என்று மூடினாலும் கணக்குக் குழம்பும். ஏப்ரல் 1ஆம் தேதி வரிசை புதிதாகத் தொடங்க வேண்டும் வேறு. இதற்கு வழி, வருஷத்துக்கு ஒரு பதிவு வைத்த தனி டேபிள், சேவ் ஆகும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்தப் பதிவைப் பூட்டி நம்பர் எடுப்பது. அதுவரை ஸ்கிரீனில் நம்பர் காலியாகவே இருக்கட்டும்.

அப்படியென்றால் டேட்டாபேஸ் டிஃபால்ட் எதற்குத்தான்? உங்கள் கோடைத் தவிர வேறு யாராவது அந்த டேபிளில் எழுதினால் அதற்கு. எடை மெஷினிலிருந்து ஒரு சின்ன புரோகிராம் நேரடியாக எழுதும், ஆடிட்டர் ஆபீஸ் பையன் எஸ்க்யூஎல்லில் நேரடியாக நான்கு பதிவு போடுவான். அவர்கள் யாரும் உங்கள் பைத்தான் கிளாஸைப் பார்க்கப் போவதில்லை, ஆனால் எல்லாரும் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பதிவு உருவான நேரத்தை நான் எப்போதும் அங்கேதான் வைப்பேன். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் அதற்கு சர்வர் டிஃபால்ட். ஜாங்கோவில் 5.0 பதிப்பு வரை இதற்கு நேர்வழியே இல்லை, மாடலில் எழுதும் டிஃபால்ட் டேபிளுக்குப் போகாது. 2023 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பில்தான் டிபி டிஃபால்ட் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்: பைத்தானில் உருவாகும் ஆப்ஜெக்டுக்குப் பழைய டிஃபால்ட்டும், நேராக டேபிளுக்கு வருகிறவர்களுக்கு டிபி டிஃபால்ட்டும் நிற்கும். டிபி டிஃபால்ட் மட்டும் கொடுத்தால், சேவ் ஆகும் வரை அந்தக் கட்டத்தில் நிஜ மதிப்பு இருக்காது, “டேட்டாபேஸ் நிரப்பும்” என்ற ஒரு குறிப்பு ஆப்ஜெக்ட்தான் இருக்கும். அதை வைத்து இஃப் எழுதிவிட்டுப் பிறகு திட்டாதீர்கள்.

ஏற்கெனவே பதிவுகள் இருக்கும் டேபிளில் புதுக் கட்டம் சேர்க்கும்போதும் சர்வர் டிஃபால்ட் கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸில் 11ஆம் பதிப்பிலிருந்து மாறாத மதிப்பை டிஃபால்ட்டாகக் கொடுத்துக் கட்டம் சேர்த்தால் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதுவதில்லை, பெரிய டேபிளும் சட்டென்று முடியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதுப் பதிவுக்கு என்ன மதிப்பு என்பதும், பழைய பதிவுகளுக்கு என்ன மதிப்பு என்பதும் இரண்டு கேள்விகள். “காம்பாக்டிங் முடிந்ததா” என்ற கட்டத்தைப் புதிதாகச் சேர்த்து ‘இல்லை’ என்று டிஃபால்ட் கொடுத்தால், மூன்று வருஷத்துக்கு முன் தைத்து ஏற்றுமதியான துணியும் காம்பாக்டிங்குக்குக் காத்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லும். பழையதற்குத் தனியாக ஒரு அப்டேட் எழுதுங்கள், தெரியாததை நல் என்றே விடுங்கள்.

உங்கள் மாடலுக்கு நேராக வருகிறேன். ‘நிலை’ இனிட்டில் செட்டிஃபால்ட், கூடவே சர்வர் டிஃபால்ட்டும் அதே ‘திறந்தது’. உருவான நேரம் சர்வர் டிஃபால்ட் மட்டும். தேதியும் கெடுவும் ‘புது டிசி’ ஃபங்ஷனில். நம்பர் சேவ் நேரத்தில். ரோல் லிஸ்ட்டுக்கு லிஸ்ட் வகையின் பெயர். லாஸ் கட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம், நல் இருக்கலாம் என்று அறிவித்துவிடுங்கள், கூட்டல் கழித்தலில் எரர் வந்தால் கூட்டலைத் திருத்துங்கள். அப்புறம் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: லாஸ் காலியாக இருக்கும் ஒரு டிசியைச் சேவ் செய்து, செஷனை மூடி, மறுபடி எடுத்து, ரிமார்க்ஸை மட்டும் மாற்றிச் சேவ் செய்து, லாஸ் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் அந்த டெஸ்ட் இருந்திருந்தால் அந்த முதலாளி முன்னால் முழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.